கொல்லிமலை வீடுகளும் வீட்டுத் தோட்டங்களும்: ஒரு நாள் பயணம்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள மலைப்பகுதி. ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், காட்சி முனைகள் ஆகியவற்றைக் காணவே பெரும்பாலான பயணிகள் இங்கு வந்து அன்றே திரும்புகின்றனர். இந்த இடங்களுக்கு இடையிலுள்ள ஊர்களில் மலையாளி பழங்குடியினரின் வீடுகளும், அவற்றை ஒட்டிய மிளகு, காப்பி, பலா, வாழைத் தோட்டங்களும் இருக்கின்றன. மலையின் வரலாறும் வாழ்க்கையும் அருவியைவிட இந்த வீடுகளிலும் தோட்டங்களிலும்தான் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை மையமாக வைத்து ஒரு நாள் பயணம் எவ்வாறு அமையும், அங்கு காண்பவை என்ன, அவை எவ்வாறு மாறிவருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வீடும் தோட்டமும் காணும் பயணங்கள்

தனியாருக்குச் சொந்தமான பழைய வீடுகளையும் தோட்டங்களையும் குறிப்பிட்ட நாட்களில் பிறர் காணத் திறந்துவிடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. இங்கிலாந்தில் 1927-ஆம் ஆண்டு செவிலியர் நலனுக்கு நிதி திரட்டுவதற்காகத் தனியார் தோட்டங்கள் திறக்கப்பட்டன. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் பெறப்பட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1929 முதல் ஆண்டுதோறும் தோட்ட வாரம் நடந்துவருகிறது. அதன் வருவாய் வரலாற்றுச் சிறப்புள்ள தோட்டங்களைச் சீரமைக்கப் பயன்படுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் என்ற சிறு நகரில் 1932-இல் இத்தகைய வீட்டுச் சுற்றுலா தொடங்கியது. பருத்தித் தோட்ட முதலாளிகளின் மாளிகைகளே அங்கு காட்டப்பட்டன. அந்த மாளிகைகளைக் கட்டியவர்களும் தோட்டங்களில் உழைத்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் என்ற செய்தி நீண்ட காலம் அந்தச் சுற்றுலாவில் உரிய இடம் பெறவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு செட்டிநாடு. கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் சில பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. சில தங்கும் விடுதிகளாகவும் இயங்குகின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதிக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கொல்லிமலையில் அத்தகைய மாளிகைகள் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் வழக்கமும் இல்லை. இங்குள்ள தோட்டம் அழகுக்காக வளர்க்கப்படுவது அன்று, குடும்பத்தின் ஆண்டு வருமானம் அதிலிருந்தே வருகிறது. வீட்டில் வசிப்பவரும் தோட்டத்தில் உழைப்பவரும் ஒருவரே. அதனால் இங்கு காணும் முறையும் வேறாக அமைகிறது.

மலையும் நாடுகளும்

கொல்லிமலையின் மேற்பகுதி ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம். அது சமவெளி போல ஒரே மட்டமாக இருப்பதில்லை. சிறு குன்றுகள், அவற்றுக்கு இடையே நீரோடும் பள்ளங்கள், பள்ளங்களில் நெல் வயல்கள், சரிவுகளில் மானாவாரிக் காடுகள், ஓரங்களில் சோலைகள் என நிலம் மாறிமாறி வருகிறது.

இம்மலை சங்க இலக்கியங்களில் பலமுறை பேசப்படுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவர். அவரது வில்லாற்றலையும் கொடைத்தன்மையையும் வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூற்றில் உள்ளது. காண்பவரை மயக்கும் கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பாவை பற்றிய குறிப்புகள் நற்றிணை, குறுந்தொகை முதலிய நூல்களில் வருகின்றன. செம்மேட்டில் ஓரியின் சிலை உள்ளது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடத்தப்படுகிறது.

மலையில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்களின் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்றும், அந்த மூவரும் கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினர் என்றும் இவர்களிடையே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது.

மலை பல நாடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு, இடப்புளி நாடு, பைல் நாடு முதலியவை அவற்றுள் சில. இன்று இவை ஊராட்சிகளின் பெயர்களாகவும் உள்ளன. ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள் உண்டு. ஊர்ப்பெயர்களில் பல பட்டி, காடு, வளவு என முடிகின்றன.

பங்களாக்கள் இல்லாத மலை

அருகிலுள்ள சேர்வராயன்மலையோடு ஒப்பிட்டால் கொல்லிமலையின் தனித்தன்மை விளங்கும். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சேலம் பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். அதன்பின் ஐரோப்பியர்கள் அங்கு தோட்டங்கள் வாங்கி, பங்களாக்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் கட்டினர். ஏற்காடு கோடை வாழிடமாயிற்று. காப்பித் தோட்டங்கள் பெரிய எஸ்டேட்டுகளாக உருவாயின.

கொல்லிமலையும் ஏறத்தாழ அதே உயரமும் குளிர்ச்சியும் உடையது. ஆயினும் அங்கு கோடை வாழிடம் உருவாகவில்லை. அதற்கு முதன்மைக் காரணம் மலைக்காய்ச்சல். மலேரியாவுக்கு அஞ்சி வெளியாட்கள் அம்மலையில் தங்கத் தயங்கினர். மேலே ஏறும் வழிகளும் செங்குத்தானவை. நாடு முழுவதும் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கிய பின்னரே இத்தகைய மலைகளில் நோயின் பிடி தளர்ந்தது.

இதன் விளைவை இன்றும் நேரில் காணலாம். ஏற்காட்டில் பழைய வீடு என்றால் துரைமார் பங்களா நினைவுக்கு வரும். கொல்லிமலையில் பழைய வீடு என்றால் மலையாளிக் குடும்பத்தின் மண்வீடுதான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் முதலாளியும் கூலியாட்களும் வெவ்வேறு ஆட்கள். கொல்லிமலையில் காப்பியும் மிளகும் பெரும்பாலும் சிறு உடைமையாளர்களின் தோட்டங்களில், அவர்களின் வீட்டை ஒட்டியே வளர்கின்றன.

வீடு

பழைய மலையாளி வீடு அந்த மலையிலேயே கிடைக்கும் பொருட்களால் ஆனது. கல் அடுக்கிய அடித்தளம், மண்சுவர், மரம் மற்றும் மூங்கில் கூரைச்சட்டம், அதன்மேல் வேய்ந்த புல் ஆகியவை அதன் பகுதிகள். கூரை சரிவாகத் தாழ்ந்து இறங்கும். மலையில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெய்வதால், சுவர் நனையாமல் காக்கத் தாழ்வாரம் தேவைப்படுகிறது. தரையும் திண்ணையும் சாணத்தால் மெழுகப்படும். உள்ளே அடுப்புப் புகை மேலேறிக் கூரையில் படியும். அந்தப் புகையால் மூங்கிலும் புல்லும் பூச்சி அரிக்காமல் நெடுநாள் நிற்கும். அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிர்களுக்கும் அதே பாதுகாப்புக் கிடைக்கும்.

வீட்டின் முக்கியமான பொருள் தானியம் சேமிக்கும் தொம்பை. மூங்கில் பிளாச்சுகளால் பெரிய கூடை போலப் பின்னி, உள்ளும் புறமும் செம்மண்ணும் சாணமும் கலந்து பூசி இது செய்யப்படுகிறது. ஈரம் ஏறாமல் கற்களின் மேல் நிறுத்தப்படும். சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றை உமியோடு இதில் கொட்டி வைத்தால் அடுத்த அறுவடை வரையும், அதற்கு அப்பாலும் கெடாமல் இருக்கும். ஒரு வீட்டில் எத்தனை தொம்பைகள் இருந்தன என்பது அந்த வீட்டின் நிலவளத்தையும் காட்டும்.

வாசலில் களம் போல ஒரு திறந்த இடம் இருக்கும். அறுவடைக் காலத்தில் அங்கு கதிர் அடிப்பர். மிளகு பறிக்கும் காலத்தில் பாய் விரித்து மிளகு காயவைப்பர். காப்பிப் பழம் காய்வதும் அங்கேதான். எனவே வாசல் வழியாக நடப்பவர் விரித்துப் போட்ட விளைபொருளை மிதிக்காமல் செல்ல வேண்டும்.

பழைய புல்வீடுகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. கூரைப் புல்லை அடிக்கடி மாற்ற வேண்டும். புல் வெட்டும் இடங்கள் சுருங்கிவிட்டன, வேய்வதற்கு ஆள் கூட்டுவதும் கடினம். தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. இதனால் முதலில் ஓட்டு வீடுகளும், பின்னர் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளும் வந்தன. காங்கிரீட் வீடு மழைக்கும் தீக்கும் பாதுகாப்பானது என்பதால் மக்கள் அதை விரும்புவது இயல்பு. ஆனால் அதில் தொம்பைக்கு இடம் இல்லை, அடுப்புக்கு மேல் விதை தொங்கவிடப் புகைக்கூரையும் இல்லை. பல குடும்பங்கள் புது வீட்டில் குடியிருந்துகொண்டு, பழைய வீட்டைத் தானியம், விறகு, கருவிகள் வைக்கவும் ஆடு கட்டவும் பயன்படுத்துகின்றன. இன்று காணக் கிடைக்கும் பழைய வீடுகளில் பல இவ்வாறு நிற்பவையே.

தோட்டம்

கொல்லிமலை வீட்டுத் தோட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தால் அதன் அமைப்பு புரியும். அது பல அடுக்குகளால் ஆனது.

மேலடுக்கு நிழல் மரங்கள். பலா, மா போன்ற பழமரங்களோடு சில்வர் ஓக் மரங்களும் நிற்கும். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நேராகவும் விரைவாகவும் வளர்வதாலும், காப்பிக்கு ஏற்ற மெல்லிய நிழல் தருவதாலும் தென்னிந்தியத் தோட்டங்களில் பரவியது. அந்த மரங்களின் மேல் மிளகுக்கொடி படரும். ஒரே மரம் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொம்பாகவும் பயன்படுகிறது.

நடு அடுக்கில் காப்பிச் செடிகளும் வாழையும் இருக்கும். இந்த உயரத்துக்கு ஏற்றது அராபிகா காப்பி. கோடை மழை பெய்த எட்டுப் பத்து நாட்களில் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போன்ற மணம் தோட்டம் முழுவதும் பரவும். பூத்ததிலிருந்து எட்டு ஒன்பது மாதங்களில் பழம் சிவக்கும். எல்லாப் பழங்களும் ஒன்றாகப் பழுக்காததால், சிவந்தவற்றை மட்டும் கையால் தேர்ந்து பலமுறை பறிக்க வேண்டும்.

கீழடுக்கில் அன்னாசி, இஞ்சி, மஞ்சள், வள்ளிக்கிழங்கு வகைகள் முதலியவை. வேலியோரத்தில் அவரையும் மொச்சையும் படரும். பூசணிக்கொடி குப்பைமேட்டில் ஓடும். சமையலுக்கு அன்றாடம் தேவைப்படும் கீரையும் மிளகாயும் வீட்டின் பின்பக்கத்தில் இருக்கும். இந்தப் பின்பக்கத் தோட்டத்தைப் பெரும்பாலும் பெண்களே பார்த்துக்கொள்கின்றனர். எந்த அவரை எப்போது ஊன்றுவது, எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதும் அவர்கள் முடிவே.

மிளகு இம்மலையின் அடையாளப் பொருள். கொடியின் அடியிலிருந்து ஓடும் தண்டுகளை வெட்டி வேர்பிடிக்க வைத்து நடுவர். பூத்துக் காய்த்து முற்ற ஏழெட்டு மாதங்கள் ஆகும். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்தால் அந்தச் சரம் பறிக்கத் தகுந்தது. மரத்தில் ஏணி சார்த்திப் பறிப்பர். உயரமான மரங்களில் இது ஆபத்தான வேலை. பறித்த சரங்களை உதிர்த்து, வெயிலில் சில நாட்கள் காயவைத்தால் பச்சை மிளகு சுருங்கிக் கறுக்கும். மூன்று கிலோ பச்சை மிளகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கருமிளகு கிடைக்கும். சாலையோரத்தில் விற்கும் மிளகின் விலையைக் கேட்டுத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கையும் ஏணியையும் நினைவில் கொள்ளலாம்.

பல பயிர்களை ஒன்றாக வளர்ப்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. மிளகு விலை இறங்கும் ஆண்டில் காப்பி கைகொடுக்கலாம். இரண்டும் பொய்த்தால் பலாவும் வாழையும் சந்தைக்குப் போகும். அறுவடைகள் ஆண்டு முழுவதும் பரவியிருப்பதால் கையில் பணம் இல்லாத மாதங்கள் குறைகின்றன. ஒரே பயிரை நம்பும் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

தோட்டத்துக்கு அப்பால்: சிறுதானியமும் மரவள்ளியும்

வீட்டையும் தொம்பையையும் புரிந்துகொள்ள, அவற்றை நிரப்பிய வயலையும் பார்க்க வேண்டும். கொல்லிமலைச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவை முன்பு பரவலாக விளைந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளூர் இரகங்கள் பல. சாமையில் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, திருகுலாச்சாமை என்றும், தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, கோரந்தினை என்றும் பெயர்கள் வழங்கின. வளமான நிலத்துக்கு ஒன்று, கல்லாங்காட்டுக்கு ஒன்று, முன்மழைக்கு ஒன்று என மக்கள் அவற்றைத் தேர்ந்து விதைத்தனர்.

பின்னர் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் செய்யும் ஆலைகள் பெருகின. அவற்றின் விற்பனைக்கான கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து கிழங்கைக் கீழே கொண்டுசெல்லச் சாலையும் லாரியும் இருந்தன. மரவள்ளிக்கு உமி நீக்கும் வேலை இல்லை. மொத்தமாக விற்றுப் பணமாக்கலாம். ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. இவ்வாறு சரிவுகளில் சாமையும் தினையும் இருந்த இடத்தை மரவள்ளி பிடித்தது.

இந்த மாற்றத்தைப் பேராசை என்று குறைகூற இயலாது. சாமையைச் சோறாக்குவதற்கு முன் உமி நீக்க வேண்டும். உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைக்கும் அந்த வேலை முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. நாள் முழுவதும் வயலில் உழைத்தவர்கள் இரவில் குத்த வேண்டியிருந்தது. அந்த வேலை போனதில் அவர்களுக்கு நிம்மதியும் உண்டு. மறுபுறம், கிழங்கு தோண்டும்போது சரிவில் மண் புரட்டப்பட்டு, அடுத்த மழையில் அரித்துச் செல்கிறது. ஒரே விலையை நம்பும் நிலையும் ஏற்பட்டது. ஓர் இரகத்தைச் சில ஆண்டுகள் யாரும் விதைக்காவிட்டால் அதன் விதை முளைப்புத்திறன் இழந்து, அந்த இரகமே இல்லாமல் போகும்.

எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ளது. ஊர்தோறும் விதை வங்கிகள் அமைத்தல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தல், மகளிர் குழுக்கள் வழியாகச் சாமை அரிசி, கேழ்வரகு மாவு முதலியவற்றை விற்பனைக்குக் கொண்டுவருதல் ஆகியவை அதன் பணிகள். விதை வங்கியில் கொடுக்கல் வாங்கல் பழைய முறையிலேயே நடக்கிறது. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதல் அளவோடு திருப்பித் தருவார். உலக்கை வேலையை இயந்திரம் ஏற்றால்தான் பெண்கள் மீண்டும் சாமையை ஏற்பர் என்பது இப்பணியில் வெளிப்பட்ட முக்கியமான செய்தி. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் நகரங்களில் சிறுதானியங்களுக்குக் கேட்பு கூடியுள்ளது.

கோயிலும் கோயில்காடும்

பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலங்களில் ஒன்று. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இத்தலத்து இறைவனை முன்னிறுத்திப் பாடப்பட்ட நூல். நிலத்தை உழும்போது கலப்பை பட்டு இலிங்கம் வெளிப்பட்டது என்பது தலக்கதை. உழவின் போது கிடைத்த கடவுள் என்ற இக்கதை இம்மலைக்குப் பொருத்தமானது. கோயிலருகே ஓடும் ஓடையின் மீன்களை யாரும் பிடிப்பதில்லை, வழிபடுவோர் அவற்றுக்கு உணவிடுகின்றனர்.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவி. ஐயாறு இங்கு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் செல்கிறது.

ஊர்களை ஒட்டிச் சிறு கோயில்காடுகள் பல உள்ளன. அங்கு மரம் வெட்டுவதும், செருப்போடு நுழைவதும் ஊர் வழக்கப்படி தடை. மற்ற இடங்களில் அருகிவிட்ட மரங்களும் கொடிகளும் இவற்றில் எஞ்சியுள்ளன. காடு திருத்தித் தோட்டமாக்கப்படும் முன் மலை எவ்வாறு இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

ஒரு நாள் வழி

நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரத்திலுள்ள காரவள்ளியை அடைந்து மலை ஏறுவது வழக்கமான பாதை. இப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் இடப்பட்டுள்ளது. இராசிபுரம் பக்கத்திலிருந்து வருவோர் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். அரசுப் பேருந்துகள் உண்டு. தலைசுற்றல் உடையவர்கள் ஏறும் முன் வயிறு நிறைய உண்ணாமல் இருப்பது நல்லது.

காலை: இருள் பிரியும் நேரத்தில் நாமக்கல்லிலிருந்து கிளம்பினால் வெயில் ஏறும் முன் சோளக்காட்டை அடையலாம். மலை ஏறியதும் முதலில் வரும் பெரிய ஊர் இது. இங்குள்ள சந்தையில் அந்தப் பருவத்தில் மலையில் என்ன விளைகிறது என்பதை ஒரே பார்வையில் அறியலாம். அடுத்து செம்மேடு. அரசு அலுவலகங்களும் கடைகளும் உள்ள தலைமையிடம் இதுவே. ஓரி சிலையும் இங்கு உள்ளது.

முற்பகல்: செம்மேட்டிலிருந்து உள் ஊர்களுக்குச் செல்லும் சாலைகளில் ஒன்றைத் தேர்ந்து, ஓர் ஊரில் மட்டும் இறங்கி நடப்பது ஏற்றது. பல ஊர்களை வண்டியில் கடப்பதைவிட ஓர் ஊரில் இரண்டு மணி நேரம் செலவிட்டால் வீடு, களம், தோட்டம், வயல் நான்கையும் காணலாம். உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வது சிறந்த முறை. யாருடைய தோட்டம், எந்த வழியே போகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

பிற்பகல்: பெரியகோவிலூர் சென்று அறப்பளீசுவரர் கோயிலைக் காணலாம். படி இறங்கி ஏற உடல் வலுவும் நேரமும் உள்ளவர்கள் அருவிக்குச் செல்லலாம். ஊர்நடையும் அருவியும் ஒரே நாளில் பலருக்குக் கடினம். இரண்டில் ஒன்றைத் தேர்வது நல்லது. வாசலூர்ப்பட்டி படகுத்துறை குழந்தைகளுடன் வருவோருக்கு ஏற்றது.

மாலை: மலைப்பாதையில் மூடுபனி இறங்கும் முன், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும்.

பருவங்கள்

சனவரி முதல் மார்ச் வரை: மிளகு பறிப்பு. வாசல்களில் மிளகு காய்வதைக் காணலாம். காப்பிப் பறிப்பின் கடைசிக் கட்டமும் இக்காலமே.

மார்ச், ஏப்ரல்: கோடை மழை பெய்தால் காப்பி பூக்கும். பலா பிஞ்சு விடும்.

மே முதல் சூலை வரை: பலாப்பழக் காலம். அன்னாசியும் வரத் தொடங்கும். மழை கண்டதும் சரிவுகளில் விதைப்பு நடக்கும்.

ஆகத்து: ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும். கூட்டம் மிகுதி. தோட்டங்களை அமைதியாகக் காண ஏற்ற காலம் அன்று.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: சிறுதானியக் கதிர் முற்றி அறுவடையாகும். மழையும் பனியும் உண்டு. பாதை வழுக்கும்.

வருவோர் கவனிக்க வேண்டியவை

தோட்டங்களில் பலவற்றுக்குச் சுவரோ கதவோ இல்லை. அதனால் அவை பொது இடம் ஆகிவிடா. வேலி இல்லாத இடத்திலும் உரிமையாளரிடம் கேட்ட பின்பே நுழைய வேண்டும். அண்ணா, அக்கா, அம்மா என்று அழைத்து வந்த காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். மறுத்தால் விலகிச் செல்ல வேண்டும்.

கீழே கிடக்கும் பலாப்பழமும் காப்பிப் பழமும் ஒருவருடைய வருமானம். பறிப்பதும் எடுப்பதும் கூடாது. வீட்டுக்குள் செல்லும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். வீட்டின் உட்புறத்தையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுப்பது முறையன்று. மண்வீட்டை வறுமையின் அடையாளமாகக் காட்டும் படங்கள் அங்குள்ளவர்களை வருத்துகின்றன.

மிளகு, காப்பி, தேன், பழம், சாமை அரிசி ஆகியவற்றைத் தோட்டக்காரரிடமோ ஊர் மகளிர் குழுவிடமோ நேராக வாங்குவது பயனுள்ளது. இடைத்தரகர் இல்லாமல் முழு விலையும் விளைவித்தவர் கையில் சேரும். மலைச்சந்தையில் விற்கும் எல்லாப் பொருளும் மலையில் விளைந்தவை என்று கொள்ள வேண்டியதில்லை. பருவத்தை அறிந்து கேட்டு வாங்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை உள்ளது. பயணிகள் கொண்டுவரும் குப்பையைத் திரும்பக் கொண்டுசெல்வதே நல்லது. வளைவுகளில் குரங்குகளுக்குத் தீனி போட்டால் அவை அப்பழக்கத்தில் தோட்டங்களுக்குள் இறங்கி விளைச்சலை அழிக்கும்.

இன்றைய நிலை

கொல்லிமலையின் மண்வீடுகளையும் கலப்புத் தோட்டங்களையும் அருங்காட்சியகப் பொருள் போலக் காக்க இயலாது. அவற்றில் வாழ்பவர்களுக்கு உறுதியான வீடும், குறைந்த உழைப்பும், நிலையான வருமானமும் தேவை. படித்த இளைஞர்கள் நாமக்கல், திருப்பூர், கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். சாலையோர நிலங்களில் தங்கும் விடுதிகள் எழுகின்றன. விடுதிகளுக்காக நிலத்தை விற்ற குடும்பத்துக்குப் பணம் ஒருமுறை கிடைக்கிறது. தோட்டம் அதோடு முடிகிறது.

தோட்டத்திலிருந்து வரும் வருமானம் போதுமானதாக இருக்கும் வரை தோட்டம் நிற்கும். சாமைக்கு விலையும் உமி நீக்க இயந்திரமும் இருக்கும் ஊரில் விதை நிற்கும். வெளியூர்ப் பயணி இதில் செய்யக்கூடியது சிறிது. ஆயினும் ஆண்டுதோறும் மலையேறுவோர் பலர். அவர்கள் அருவிக்கும் காட்சி முனைக்கும் இடையே ஓர் ஊரில் இறங்கி, கேட்டு நுழைந்து, விளைவித்தவரிடமே வாங்கித் திரும்பினால், அந்தப் பணம் அடுத்த மிளகுக்கொடிக்கும் அடுத்த விதைப்புக்கும் சென்று சேரும்.